மைக் ஏறாத லாரிகள்

சி.பி. எனப்படும் சிட்டிசன்ஸ் பேண்ட் வானொலி, 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் சிறிய இருவழிப் பேச்சுக் கருவி. டாஷ்போர்டின் அடியில் ஒரு பெட்டி, சுருள் வயரில் தொங்கும் மைக், கேபின் கூரையிலோ பக்கக் கண்ணாடியின் தாங்கியிலோ நிற்கும் நீண்ட ஆன்டெனா ஆகியவையே அதன் உறுப்புகள். அமெரிக்க லாரிகளிலும் பிக்அப் வண்டிகளிலும் ஒரு தலைமுறை முழுக்க இது டயரைப் போல இன்றியமையாததாக இருந்தது. சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பட்டையில் கார் கேரியர்களும் கன்டெய்னர் டிரெய்லர்களும் இரவு பகலாக ஓடுகின்றன. ஆனால் அக்கருவி இங்கே வழக்கத்துக்கு வரவேயில்லை. ஆலை கட்டிய ஊர்களுக்கு அதன் தொழில்நுட்பம் எட்டாத ஒன்றாக இருந்திருக்க முடியாது. எழுபது ஆண்டுக்கு மேல் அதை அடைத்து வைத்திருந்த சட்டம் கதவைத் திறந்தபோது, அதே சாலையோரத்தில் செல்பேசி ஆலைக்கு வேலை தொடங்கிவிட்டிருந்தது.

வாகனத்தில் வானொலி ஏறிய கதை அமெரிக்கப் போலீஸிடமிருந்தும் கார் பாட்டுப்பெட்டியிலிருந்தும் தொடங்குகிறது. 1928இல் டெட்ராய்ட் நகரப் போலீஸ் தன் ரோந்துக் கார்களில் வானொலிப் பெட்டிகளைப் பொருத்தியது. அவற்றில் கேட்க முடிந்தது. பதில் பேச முடியவில்லை. காரிலிருந்தே பதில் சொல்லும் இருவழி முறை 1933இல் நியூஜெர்சி மாநிலத்தின் பயோன் நகரில் நடைமுறைக்கு வந்தது. இதற்கிடையே 1930இல் சிகாகோவின் கால்வின் சகோதரர்கள் காரில் பொருத்தும் பாட்டு வானொலியை மோட்டோரோலா என்ற பெயரில் விற்கத் தொடங்கினர். இந்தப் பெயர் பிற்பாடு ஸ்ரீபெரும்புதூருக்கும் வரும்.

பொதுமக்களுக்கென ஒரு அலைவரிசையை ஒதுக்கும் எண்ணம் போர் முடிந்த 1945இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையத்தில் உருவானது. முதலில் ஒதுக்கியது 460 மெகாஹெர்ட்ஸ் பகுதியை. அன்றைய வால்வுகளைக் கொண்டு அந்த உயர் அதிர்வெண்ணில் மலிவான கருவி செய்ய இயலாததால் சேவை வளரவில்லை. 1958இல் அமெச்சூர் வானொலியாளர்களின் கையிலிருந்த 11 மீட்டர் பகுதியை எடுத்து, 27 மெகாஹெர்ட்ஸில் 23 சேனல்களாகப் பிரித்துக் கொடுத்த பிறகே விற்பனை சூடுபிடித்தது. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி அதை லாரிக்காரர்களின் கருவியாக்கியது. டீசல் எந்தப் பம்ப்பில் கிடைக்கிறது, மணிக்கு 55 மைல் என்ற புதிய வேகக் கட்டுப்பாட்டைப் பிடிக்க போலீஸ் எங்கே நிற்கிறது என்று முன்னால் போகிறவர் பின்னால் வருகிறவருக்குச் சொன்னார். 1977இல் சேனல்கள் 40 ஆயின. உரிமம் பெறாமலே பேசுவோர் பெருகிவிட்டதால் 1983இல் அமெரிக்க அரசு உரிமத்தையே கைவிட்டது. ஆஸ்திரேலியா 1977இலும் பிரிட்டன் 1981இலும் சி.பி.யைச் சட்டபூர்வமாக்கின.

இக்கருவியைப் பொருத்தும் வேலையில் பெட்டியைவிட ஆன்டெனாதான் முக்கியம். 27 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 11 மீட்டர். அதில் கால் பங்கு நீளமுள்ள குச்சி நன்றாக வேலை செய்யும் என்பது ஆன்டெனா இயலின் அடிப்படை. அப்படியானால் 2.75 மீட்டர், அதாவது 9 அடி. லாரிக் கூரைமேல் அத்தனை நீளக் குச்சி நின்றால் முதல் வேப்பமரக் கிளையிலேயே போய்விடும். எனவே கம்பியைச் சுருளாகச் சுற்றி நீளத்தைக் குறைக்கிறார்கள். குறைக்கக் குறைக்க அது கையாளும் அலைவரிசையின் அகலமும் எட்டும் தூரமும் சுருங்கும்.

கால் அலைக் குச்சி தனியாக இயங்குவதில்லை. அதன் கீழே பரந்த உலோகத் தளம் வேண்டும். வண்டியின் கூரையே அந்தத் தளம். கூரையின் நடுவில் நிறுத்தினால் நான்கு பக்கமும் சமமாகப் பரவும். பின்மூலையில் நிறுத்தினால் எதிர்மூலையை நோக்கியே அதிகம் பாயும். தமிழ்நாட்டு லாரிகளை எண்ணும்போது இந்தச் செய்தி கவனத்துக்குரியது. நெடுங்காலம் ஆலையிலிருந்து சேஸியும் முன்முகமும் மட்டுமே வந்தன. கேபினையும் பாடியையும் நாமக்கல் போன்ற ஊர்ப் பட்டறைகளில் மரச்சட்டம் வைத்துக் கட்டினார்கள். அத்தகைய கேபினின் மேல் ஆன்டெனா வைத்தால், தகட்டுக்கும் சேஸிக்கும் தனியாகச் செம்புப் பட்டை இழுத்து இணைக்காமல் காரியம் நடக்காது. முழுக்க எஃகுத் தகட்டில் செய்த பிக்அப் கேபினுக்கு அந்தத் தொல்லை இல்லை.

மின்சாரத்தை ஹாரனுக்கோ விளக்குக்கோ போகும் வயரிலிருந்து பிரிக்காமல், ஃபியூஸ் வைத்து நேரே பேட்டரியிலிருந்து எடுப்பது நல்ல முறை. இல்லாவிட்டால் ஆல்டர்னேட்டரின் கீச்சொலி பேச்சோடு கலந்து வரும். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது என்பதால் பெட்ரோல் வண்டியின் படபட இரைச்சல் இதில் இருக்காது. சி.பி. பெட்டிகள் 12 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. இங்குள்ள கனரக லாரிகள் பலவற்றில் ஓடுவது 24 வோல்ட். இடையில் குறைப்பான் இல்லாமல் மாட்டினால் பெட்டி புகைந்துவிடும்.

கடைசி வேலை அலை அளவி கொண்டு ஆன்டெனாவைச் சரிசெய்வது. ஆன்டெனா ஏற்காமல் பெட்டிக்கே திருப்பி அனுப்பும் சக்தியை அந்த மீட்டர் காட்டும். கீழ்ச் சேனலில் திரும்பும் சக்தி மிகுந்தால் குச்சி குட்டை. மேல் சேனலில் மிகுந்தால் நெட்டை. ஆன்டெனாவை இணைக்காமல் மைக்கின் பொத்தானை அழுத்தினால் உள்ளே டிரான்சிஸ்டர் எரிந்துபோகும். புதிதாகப் பழகுவோர் பெட்டியைக் கெடுத்துக்கொள்வது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

இந்தியாவில் இவ்வேலையைச் செய்ய எலெக்ட்ரீஷியன்களுக்குக் குறைவில்லை. செய்தால் சிறை என்பதே நிலைமையாக இருந்தது. 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம் செய்தி அனுப்பும் தனியுரிமையை அரசிடம் வைத்தது. 1933ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் இன்னும் ஒரு படி போய், கருவியை உரிமமில்லாமல் வைத்திருப்பதையே குற்றமாக்கியது. பாட்டு கேட்கும் ரேடியோவுக்கே தபால் நிலையத்தில் ஆண்டுக்கட்டணம் செலுத்தி உரிமப் புத்தகம் வாங்க வேண்டியிருந்தது. 1980களின் நடுப்பகுதி வரை நீடித்த அந்த வழக்கம் பழைய தலைமுறைக்கு நினைவிருக்கும். ஒலிபரப்பும் கருவிக்கு விதி இன்னும் கடுமை. 1933ஆம் ஆண்டுச் சட்டத்தில் பின்னர் சேர்த்த 6(1ஏ) பிரிவின்படி, உரிமமின்றி டிரான்ஸ்மிட்டர் வைத்திருந்தால் மூன்றாண்டு வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கும் என்ற நிலை இருந்தது. இரண்டாம் உலகப் போர் மூண்டதும் அமெச்சூர் வானொலி உரிமங்களைப் பிரிட்டிஷ் அரசு ரத்து செய்தது. அந்த அச்சம் விடுதலைக்குப் பின்னும் அரசு அலுவலகங்களை விட்டுப் போகவில்லை. 1952இல் டெல்லியில் அமைந்த, டபிள்யூ.பி.சி. எனப்படும் கம்பியில்லாத் திட்டமிடல் ஒருங்கிணைப்புப் பிரிவே ஒவ்வொரு அலைவரிசைக்கும் ஒவ்வொரு வாகனப் பெட்டிக்கும் அனுமதி தரும் இடமாயிற்று.

ஆகவே தமிழ்நாட்டுச் சாலையில் மைக் வைத்த வண்டி என்றால் அது அரசு வண்டி. போலீஸ் ஜீப், தீயணைப்பு வண்டி, பெரிய அதிகாரிகளின் கார், ராணுவ டிரக். போலீஸ்காரர்கள் வாகன வயர்லெஸ்ஸை இன்றும் மைக் என்றே சொல்கிறார்கள். மைக்கில் கூப்பிட்டார்கள், மைக்கில் சொல்லிவிட்டேன் என்பது காவல் நிலையப் பேச்சு. இவை பெரும்பாலும் வி.எச்.எஃப். பெட்டிகள். 150 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைக்குக் கால் பங்கு நீளம் அரை மீட்டர்தான் என்பதால் ஜீப் கூரையில் சின்னக் குச்சி போதும். ஆனால் அந்த அலை நேர்ப்பார்வையில் மட்டுமே போகும். கட்டுப்பாட்டு அறைக்கு உயர்ந்த கோபுரம் கட்டி, ஜீப்பின் குரலை வாங்கி மறுபடி பரப்பும் ரிபீட்டர் அமைத்தால்தான் மாவட்டம் முழுதும் கேட்கும். தனி நபருக்கு அப்படியொரு கோபுரம் ஆகாத காரியம். கோபுரமே தேவைப்படாமல் வண்டிக்கு வண்டி பேசுவதுதான் சி.பி.யின் சிறப்பு.

உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியாளர்கள் காரிலும் பெட்டி வைத்துக்கொள்ளலாம். அவர்கள் தேர்வு எழுதி, போலீஸ் விசாரணை முடித்து உரிமம் வாங்கியவர்கள். வியாபாரப் பேச்சு அவர்களுக்கும் தடை. லாரி ஓட்டுநருக்கு அந்த வழியும் இல்லை.

லாரிக்காரர்கள் வேறு வழிகளில் பேசிக்கொண்டார்கள். எதிரே வரும் வண்டி டிப் அடித்தால் முன்னால் சோதனையோ விபத்தோ இருக்கிறது. பின்னால் நிற்கும் கிளீனர் பாடியின் தகட்டைத் தட்டினால் ரிவர்ஸ் வரலாம் அல்லது நிறுத்த வேண்டும் என்று அர்த்தம். சரக்கு இருக்கிறதா, திரும்பும் லோடு கிடைக்குமா என்பது புக்கிங் ஆபீஸ் டிரங்கால் வந்த பிறகு தெரியும். 1980களின் பின்பாதியில் மஞ்சள் பலகை வைத்த எஸ்.டி.டி. பூத்கள் அந்தக் காத்திருப்பைச் சற்றுக் குறைத்தன. சென்னை–பெங்களூரு சாலையின் தாபாவும் டீக்கடையும் செய்தி கைமாறும் இடங்களாயின. இந்த ஏற்பாடு மெதுவானது, எனினும் உரிமம் கேட்காதது.

வயர்லெஸ் மீதான அரசின் சந்தேகத்துக்குத் தமிழ்நாட்டில் தனிக் காரணமும் சேர்ந்தது. 1980களில் இலங்கைப் போராளி இயக்கங்கள் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தோடு வயர்லெஸ்ஸில் தொடர்பு வைத்திருந்தன. பெங்களூரில் சார்க் மாநாடு நடந்த 1986 நவம்பரில் தமிழகப் போலீஸ் விடுதலைப் புலிகளின் தொடர்புக் கருவிகளைக் கைப்பற்றியது. அவற்றைத் திருப்பித் தரக் கோரி அந்த இயக்கத்தின் தலைவர் பிரபாகரன் சென்னையில் உண்ணாவிரதம் இருந்தார். கருவிகள் திருப்பித் தரப்பட்டன.

நாலரை ஆண்டு கழித்து, 1991 மே 21 இரவு, ஸ்ரீபெரும்புதூரில் தேர்தல் கூட்டத்துக்கு வந்த ராஜீவ் காந்தி மனித வெடிகுண்டுத் தாக்குதலில் கொல்லப்பட்டார். சதியில் ஈடுபட்டோர் சென்னை மறைவிடங்களிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வயர்லெஸ்ஸில் பேசியது விசாரணையின் முக்கிய இழைகளில் ஒன்று. இடைமறித்துப் பதிவான சங்கேதச் செய்திகள் பின்னர் அவிழ்க்கப்பட்டு வழக்கில் சான்றாயின. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் சென்னைக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் இடையிலுள்ள பூந்தமல்லியில் தனி நீதிமன்றம் அமைத்து வழக்கை நடத்தினார்கள். தீர்ப்பு 1998 ஜனவரி 28இல் வந்தது. கொலை, வெடிபொருள், தடா குற்றச்சாட்டுகளின் வரிசையில் 1933ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டமும் இருந்தது. அந்த ஊர் வழியே போகும் லாரிகளில் தனியார் ஒலிபரப்புப் பெட்டி வைக்க அந்தப் பத்தாண்டில் எந்த அதிகாரியும் பரிந்துரைத்திருப்பார் என்று எதிர்பார்க்க இயலாது.

ஆனால் அந்தப் பத்தாண்டில்தான் அச்சாலையின் முகம் மாறியது. ஹூண்டாய் 1996இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் கால்பதித்து, 1998இல் சான்ட்ரோ காரை வெளியே விட்டது. மாநில அரசின் சிப்காட் தொழிற்பூங்காக்கள் ஏரிக்கரை ஊர்களைச் சுற்றி விரிந்தன. உதிரிபாகம் குறித்த நேரத்தில் வந்து சேராவிட்டால் அசெம்ப்ளி லைன் நின்றுவிடும் என்ற நிலை வந்தபோது, வண்டி எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு மணிக்கணக்கில் பதில் காத்திருக்க முடியாது. அமெரிக்க லாரிக்கு 1973இல் ஏற்பட்ட தேவை, வேறு காரணத்தால், இங்கே 1998இல் ஏற்பட்டது.

அத்தேவையை நிரப்பப் பல கருவிகள் போட்டியிட்டன. ஆலை வளாகத்துக்குள் பாதுகாவலர்களும் கிடங்கு மேற்பார்வையாளர்களும் நிறுவனப் பெயரில் உரிமம் பெற்ற வாக்கி-டாக்கியைப் பயன்படுத்தினார்கள். 1990களில் மத்திய அரசு தனியாருக்கு டிரங்க் ரேடியோ உரிமங்கள் வழங்கியது. பல நிறுவனங்கள் ஒரே கோபுரத்தையும் சில சேனல்களையும் பகிர்ந்துகொள்ளும் முறை அது. சென்னையின் கால் டாக்சிகளில் வயர்லெஸ் பெட்டி ஏறி, கூரையில் ஆன்டெனா வைத்த தனியார் கார்களை ஊர் முதன்முதலாகப் பார்த்தது. செல்பேசி சென்னைக்கு 1995இல் ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. செல்லுலார் என்ற இரு நிறுவனங்கள் வழியே வந்திருந்தாலும், நிமிடத்துக்கு ஏறக்குறைய 16 ரூபாய் வரை கட்டணம், வரும் அழைப்புக்கும் தனிக் கட்டணம் என்பதால் லாரி கேபின் வரை இறங்கவில்லை. வரும் அழைப்பு இலவசமானது 2003இல். லாரி உரிமையாளர் ஓட்டுநருக்குச் செல்பேசி வாங்கித் தந்தது அதன் பிறகுதான் பரவலாயிற்று. கூப்பிடுகிறவர் செலவு செய்தால் போதும் என்ற கணக்கு அவருக்குப் பொருந்தி வந்தது.

2005இல் மத்திய அரசு 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரையான பகுதியில் 5 வாட் வரை சக்தியுள்ள கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்று விதி வெளியிட்டது. பிறருக்கு இடைஞ்சல் செய்யக் கூடாது, பிறரால் வரும் இடைஞ்சலுக்குப் பாதுகாப்புக் கேட்கவும் கூடாது என்பது நிபந்தனை. இந்தியச் சி.பி. பிறந்தது இப்படித்தான், அமெரிக்காவுக்கு 47 ஆண்டு பிந்தி.

அந்த எல்லைகளை உற்றுப் பார்த்தால் ஒரு செய்தி தெரியும். உலகெங்கும் தொழில், அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கென 27.12 மெகாஹெர்ட்ஸை நடுவாக வைத்து ஒதுக்கிய பட்டையின் எல்லைகளும் இவையே. பி.வி.சி. தாளை உயர் அதிர்வெண்ணில் சூடாக்கி ஒட்டும் இயந்திரங்கள் அந்தப் பட்டையில் இயங்குகின்றன. குழந்தைகள் ஓட்டும் ரிமோட் கார்களிலும் பல அதே பட்டையில்தான். தொழிற்சாலைகள் நெருங்கி நிற்கும் இடத்தில் பேச்சுக்கு இதைவிட இரைச்சலான மூலை அமைவது கடினம். மேலும், அமெரிக்காவில் வாங்கிய 40 சேனல் பெட்டியில் முதல் 27 சேனல்கள் மட்டுமே இந்திய எல்லைக்குள் விழுகின்றன. 28ஆம் சேனலின் 27.285 மெகாஹெர்ட்ஸ் நூலிழையில் வெளியே போகிறது. அவசர உதவிக்கான 9ஆம் சேனலும் லாரிக்காரர்களின் 19ஆம் சேனலும் உள்ளே இருக்கின்றன என்பது ஆறுதல், கேட்பதற்கு மறுமுனையில் யாராவது இருந்தால்.

யாரும் இல்லை. 5 வாட் பெட்டி சமவெளியில் வண்டிக்கு வண்டி சில கிலோமீட்டர் எட்டும். இருங்காட்டுக்கோட்டையில் நிற்பவர் ஸ்ரீபெரும்புதூரில் நிற்பவரோடு பேசலாம். சென்னைத் துறைமுகத்தோடு பேச முடியாது. சுற்றிலும் நூறு வண்டியில் பெட்டி இருந்தால் செய்தி கைமாறிக்கொண்டே போகும். முதல் ஆளாகப் பெட்டி வாங்குகிறவருக்கு அதனால் பயன் ஏதுமில்லை. செல்பேசிக்கு அந்தச் சிக்கல் கிடையாது. வாங்கிய அன்றே ஊரில் உள்ள எல்லாத் தொலைபேசிகளோடும் அது பேசும்.

அதே 2005இல் நோக்கியா தமிழக அரசோடு ஒப்பந்தம் செய்து, 2006 தொடக்கத்தில் ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் செல்பேசி உற்பத்தியைத் தொடங்கியது. 2008 வாக்கில் மோட்டோரோலாவும் அதே ஊரில் ஆலை திறந்தது. இரண்டும் வாகன வானொலியோடு தொடர்புள்ள பெயர்கள். மோட்டோரோலாவின் தொடக்கமே கார் ரேடியோ. நோக்கியாவின் செல்பேசிப் பிரிவுக்கு முன்னோடியான மொபிரா 1982இல் விற்ற கார் தொலைபேசி ஏறக்குறைய பத்துக் கிலோ எடையுள்ளது. வண்டியில் பொருத்தியே பயன்படுத்த வேண்டிய பெட்டிகளை முன்பு செய்த இரு நிறுவனங்கள், சட்டைப் பையில் போடும் கருவியைச் செய்ய இங்கு வந்து சேர்ந்தன. கிராமத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்திறங்கிய இளம்பெண்கள் அந்தக் கருவிகளைப் பூட்டினார்கள். வரிவழக்குச் சிக்கல்களுக்கும் உரிமை மாற்றத்துக்கும் இடையில் நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1இல் நின்றுபோனது. அதற்குள் நெடுஞ்சாலையில் செல்பேசி இல்லாத ஓட்டுநரைக் காண்பதே அரிதாகியிருந்தது.

ஒரகடத்தின் எழுச்சி நோக்கியாவின் வருகைக்குப் பிந்தியது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் குறுக்கிடும் அந்தச் சந்திப்பில் ரெனோ–நிசான் ஆலை 2010இலும், பாரத்பென்ஸ் லாரிகளைச் செய்யும் டெய்ம்லர் ஆலை 2012இலும் திறக்கப்பட்டன. ஆலையிலேயே முழுமையாக முடிந்த எஃகுக் கேபின்கள் இப்போது ஒரகடத்திலிருந்தே வெளியேறுகின்றன. ஆன்டெனாவுக்கு ஏற்ற கூரை கிடைத்தபோது ஆன்டெனாவின் தேவை போய்விட்டிருந்தது.

கோபுரத்தை நம்பாத பேச்சுக்கு மதிப்பு வந்த நாள்களும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மின்சாரம் நின்று, சென்னையில் செல்பேசிக் கோபுரங்கள் பல செயலிழந்தபோது அமெச்சூர் வானொலியாளர்கள் செய்தி கடத்தினார்கள். 2004 சுனாமியின்போது அந்தமானிலிருந்து வெளியுலகுக்குச் செய்தி தந்ததில் அவர்களுக்குப் பங்குண்டு. அந்த நாள்கள் கடந்ததும் லாரிகள் பழையபடி செல்பேசிக்கே திரும்பின.

வாகன வானொலி இப்போது பேசாத வடிவில் கேபினுக்குள் வந்துவிட்டது. 2005இலேயே உரிம விலக்குப் பெற்ற 865–867 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் இயங்கும் சுங்கக் கட்டண வில்லையான ஃபாஸ்டேக், 2021 பிப்ரவரி முதல் சுங்கச்சாவடிகளில் கட்டாயம். முன்கண்ணாடியில் ஒட்டிய அந்த வில்லையில் பேட்டரி இல்லை. சாவடியின் ஆன்டெனா வீசும் அலையிலிருந்தே சக்தி எடுத்துத் தன் எண்ணைத் திருப்பிச் சொல்கிறது. ஏ.ஐ.எஸ்.-140 தரத்தின்படி 2019 முதல் புதிய பயணியர் பொது வாகனங்களில் இருப்பிடம் காட்டும் கருவியும் அவசரப் பொத்தானும் கட்டாயமாயின. சிம் கார்டு உள்ளேயே இருக்கிறது. கையடக்கப் பேச்சுக் கருவிகளுக்கு 2018ஆம் ஆண்டு விதிகள் 446.0–446.2 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் விலக்குத் தந்தன. விதியை மீறிய வாக்கி-டாக்கிகள் இணையக் கடைகளில் விற்கப்படுவதைத் தடுக்க 2025இல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தனி வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. 1885, 1933 ஆகிய இரு சட்டங்களுக்கும் மாற்றாக 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றப்பட்டது.

வண்டிக்குள் இத்தனை அலைகள் சேர்ந்ததால் அவை ஒன்றையொன்று கெடுக்காமல் பார்ப்பதே தனித் தொழிலாகிவிட்டது. மத்திய அரசின் நாட்ரிப் திட்டத்தில் ஒரகடத்தில் அமைந்த வாகன ஆய்வு மையமான ஜி.ஏ.ஆர்.சி.யில் மின்காந்த ஒத்திசைவுச் சோதனைக்கென ஆய்வகம் இருக்கிறது. வெளி அலை புகாத, உள் அலை எதிரொலிக்காத அறையில் வண்டியை நிறுத்தி, அதன் மின்னணுப் பெட்டிகள் கசியவிடும் அலையை ஆன்டெனா வைத்து அளக்கிறார்கள். பிறகு வெளியிலிருந்து வலுவான அலையை வண்டிமேல் பாய்ச்சி, பிரேக்கும் எஞ்சின் கட்டுப்பாடும் தடுமாறுகின்றனவா என்று பார்க்கிறார்கள். ஏ.ஐ.எஸ்.-004 என்ற இந்தியத் தரம் கேட்கும் சோதனை இது.